நூலகத்துக்கு வராதவர்களைக் கேளுங்கள்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் நூலக அறையைச் சீரமைக்கலாம் என்று பேச்சு எழுந்த அன்றே, முன்னாள் மாணவர்களின் வாட்ஸப் குழுவில் யோசனைகள் குவிந்துவிட்டன. ஏசி போடலாம், புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கலாம், சுவர் முழுக்கத் தலைவர்கள் படம் வரையலாம், மொத்தத்தையும் டிஜிட்டல் நூலகம் ஆக்கிவிடலாம். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் தரப் பலர் தயாராக இருந்தார்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த யோசனைகளைச் சொன்ன யாரும் இனி அந்த அறையில் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. படிக்கப் போகிற பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லை.

ஊர் கூடிப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். யோசனை கேட்பது ஒரு தனி வேலை. யாரிடம் கேட்கிறோம், எந்த இடத்தில் வைத்துக் கேட்கிறோம், என்ன கேட்கிறோம் என்பதை வைத்து அறையின் அமைப்பே மாறிவிடுகிறது. எங்கள் ஊரில் மாறியது.

முதலில் அறையைப் பற்றி. நாங்கள் இருப்பது மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட நெல் வயல் பகுதி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்திலும் ஓடுகள் பறந்தன. நூலகம் இருந்தது அந்தக் கட்டடத்தில்தான். பிறகு ஓடு மாற்றினார்கள். நனைந்த புத்தகங்களை வெயிலில் உலர்த்தி மறுபடி பீரோவில் வைத்தார்கள். வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. சாதாரணத் தாளில் அச்சானவை நெளிந்து பழுப்பேறினாலும் பிழைத்துக்கொண்டன. பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் சில தொகுதிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

அறையில் சுவரோரமாக இரும்பு பீரோக்கள், நடுவில் ஒரு நீள மேசை, உடைந்த பெஞ்சுகள் கொஞ்சம். பீரோக்கள் பூட்டியிருக்கும். நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. அரசுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் பாட ஆசிரியர் ஒருவர்தான் இதையும் சேர்த்துப் பார்க்கிறார். எங்கள் பள்ளியில் தமிழாசிரியை. வகுப்பு, விடைத்தாள், எமிஸ் இணையதளப் பதிவு எல்லாம் போக மிச்ச நேரத்தில்தான் அவர் இந்தப் பக்கம் வர முடியும்.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என்றதும் வகுப்பில் நிறுத்தி, "லைப்ரரில என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தமிழாசிரியை வேண்டாம் என்றார். "எங்க முன்னாடி கேட்டா நல்ல நல்ல புக்கா வாங்கித் தாங்க டீச்சர்னுதான் சொல்லுவாங்க. பேர் எழுதாம சீட்டுல எழுதச் சொல்லுங்க. என்ன வேணும்னு கேக்காதீங்க. கடைசியா எப்ப உள்ள போன, எதுக்குப் போன, போகலன்னா ஏன் போகலன்னு கேளுங்க."

இதைவிட நல்ல அறிவுரை இந்த வேலை முழுவதிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சீட்டுகளைப் பிரித்துப் படித்தபோது ஏசியும் காணோம், கம்ப்யூட்டரும் காணோம். கம்ப்யூட்டருக்குப் பள்ளியில் ஏற்கெனவே ஹைடெக் லேப் இருக்கிறது. "பெஞ்சு தூக்கி வைக்கப் போனேன்." "ஆண்டு விழாவுக்கு மைக் செட் எடுக்கப் போனேன்." "ஜன்னல் வழியா பாத்திருக்கேன்." "இருட்டா இருக்கும்." "என்ன புக் இருக்குன்னே தெரியாது." "பரீட்சை முடியட்டும்னு சொன்னாங்க." இப்படித்தான் பெரும்பாலும். ஒரு சீட்டு மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை: "நான் மெதுவாத்தான் படிப்பேன், எல்லாரும் சிரிப்பாங்க." கையெழுத்தைப் பார்த்தால் பெரிய வகுப்புப் பிள்ளை போலத் தெரிந்தது.

அந்த ஒரு வரி புத்தகங்களை அடுக்கும் முறையையே மாற்றியது. அதுவரை ஆறாம் வகுப்புக்கு ஒரு தட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு தட்டு என்று பிரிப்பதாக இருந்தோம். அப்படிப் பிரித்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஆறாம் வகுப்புத் தட்டுப் பக்கம் போகவே மாட்டான். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் கொண்டுவந்த சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டவை. வயதைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிரித்தது அதன் பெரிய நன்மை. நாங்கள் வகுப்புப் பெயரை முழுக்க எடுத்துவிட்டு, பேய்க் கதை, விலங்கு, விளையாட்டு, அறிவியல், ஊர் வரலாறு என்று பொருள்வாரியாக அடுக்கி, ஒவ்வொரு தட்டிலும் எளியதும் கடினமானதும் கலந்து இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். எளிய நூல் எது என்பதற்கு அட்டையின் உள்பக்கம் ஒரு சின்ன நிறப்பொட்டு. எடுப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நூலகவியல் படித்த நண்பர் ஒருவர் டியூவி தசமப் பகுப்புதான் முறை என்று வாதிட்டார். பெரிய நூலகத்துக்கு அது வேண்டும்தான். ஆனால் அந்தப் பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற ஒரே எண்ணின் கீழ் வந்து விழும். எங்கள் பீரோக்களில் பாதிக்கு மேல் கதையும் கவிதையும்தான். எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வோம், தட்டில் பிள்ளைகளின் சொல்லே இருக்கட்டும் என்று பேசி முடித்தோம்.

சீட்டுகளில் திரும்பத் திரும்ப வந்த இன்னொரு சொல் பஸ். பள்ளி நாலு பத்துக்கு விடுகிறது. சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ் ஐந்தே காலுக்குத்தான் வரும். பஸ் பாஸை நம்பி வருகிற பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரமும் வாசலில் பெட்டிக்கடைப் பக்கம் நிற்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒதுங்க இடமில்லை. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் வயிற்றில் நெருப்பு. நாங்களோ கால அட்டவணையில் நூலகத்துக்கு ஒரு பீரியட் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தோம். கிடைத்தாலும் அதைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கேட்டு வாங்கிவிடுவார்கள். யாருக்கும் தேவைப்படாத, எந்தப் பாடமும் உரிமை கேட்காத ஒரு மணி நேரம் தினமும் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தது, எங்கள் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் எழுதித் தந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது நூலகத்தின் முக்கிய நேரம் நாலு பத்திலிருந்து ஐந்து பத்து வரை என்று ஆகியிருக்கிறது. அறையும் மாறப் போகிறது. பின்கட்டில் இருக்கும் ஓட்டுக் கட்டடத்தை விட்டுவிட்டு, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்கட்டு வகுப்பறைக்கு நூலகம் வருகிறது. அங்கிருந்தால் பஸ் திரும்பும் சத்தம் கேட்கும்.

ஆள் வராவிட்டால் புத்தகம் ஆளைத் தேடிப் போகட்டும் என்ற எண்ணம் எங்கள் பகுதிக்குப் புதிதில்லை. 1931இல் மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போனது. கனகசபை பிள்ளை அந்த முயற்சியின் தூண். சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். நூலகவியலின் ஐந்து விதிகளைச் சொல்லும் அவருடைய புத்தகம் வந்ததும் அதே 1931தான். புத்தகம் பயன்படுவதற்கு என்பதை முதல் விதியாக வைத்த அவர், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைத் தட்டோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கதையை அங்கே விளக்கமாக எழுதுகிறார். பீரோப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கங்கள் நினைவுக்கு வரும்.

பெற்றோரிடம் கேட்டது அடுத்த கதை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கள் குழுவிலும் அப்படித்தான். ஆனால் கூட்டத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த அம்மாக்கள் பேசுவதில்லை; கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நடவு நாளில் வரவும் முடியாது. ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் இதை எடுத்தோம். குடிநீருக்கும் சாலைக்கும் நடுவே நூலகத்தைக் காது கொடுத்துக் கேட்க யாருக்கும் பொழுதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பேச்சு கிடைத்த இடம் ரேஷன் கடை வரிசை. குழு உறுப்பினரான அக்கா ஒருவர், தானும் அரிசி வாங்கும் நாளில் கூட நின்றவர்களிடம் சாவகாசமாகப் பேச்சுக் கொடுத்தார். நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பிள்ளை வீட்டுக்குக் கதைப் புத்தகம் கொண்டுவருகிறதா என்று மட்டும் கேட்டார். ஒரு அம்மா சொன்னது: "கொண்டாந்துச்சு ஒரு தடவ. நாந்தான் வேணாம், கொண்டு போய்க் குடுத்துருன்னேன். சின்னது எடுத்துக் கிழிச்சுட்டா யாரு காசு கட்டறது?" இன்னொருவர்: "நாங்களும் வந்து எடுக்கலாமாக்கா? எனக்கு வாசிக்கத் தெரியாது. மவ வாசிச்சா கேட்டுட்டுக் கெடப்பேன்."

இதைத் தமிழாசிரியையிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அதே பயந்தான் தம்பி. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்கற அத்தனையும் நான் கணக்குக் காட்டணும். ரிட்டையர் ஆகறப்ப பத்து புக் கொறஞ்சா எங்கிட்டதான் கேப்பாங்க. பூட்டி வச்சா ஒண்ணும் தொலையாது" என்றார்.

பூட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பயம், அந்தப் பக்கம் அதே பயம். சுண்ணாம்பு அடித்து, புது மேசை போட்டு, விளக்கு மாட்டித் திறப்புவிழா நடத்தியிருந்தால் அந்தப் பயம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும், ஒரே வருஷத்தில் புதுப் பீரோக்களும் பூட்டிக்கொண்டிருக்கும். மற்ற யோசனைகளை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்று குழுவில் நான் வற்புறுத்தினேன்.

இதற்கு விதியில் என்ன இருக்கிறது என்று தேடியபோது மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி கண்ணில் பட்டது. ஓர் ஆண்டில் வெளியே கொடுத்த அல்லது அங்கேயே எடுத்துப் படிக்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரை தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது அது. நேர்மைக் குறைவாலோ அசட்டையாலோ தொலைந்ததாக இருக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ, அரிய நூலோ தொலைந்தால் விசாரித்தே ஆக வேண்டும். இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. மாநில அரசின் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதில் இருக்கும் கணக்கைப் பாருங்கள். எத்தனை நூல் வைத்திருக்கிறாய் என்று அது கேட்கவில்லை. எத்தனை முறை கொடுத்தாய் என்று கேட்கிறது. ஆண்டுக்கு இரண்டாயிரம் முறை இரவல் கொடுத்த நூலகத்தில் பத்து நூல் தொலைந்தால் அது இயல்பு. ஒரு நூலும் கொடுக்காத நூலகத்தில் ஒரு நூல் தொலைந்தாலும் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இதைக் குழுவின் முன் வைத்தோம். தீர்மானம் இப்படி வந்தது: சிறுவர் கதை நூல்கள் தொலைந்தாலோ கிழிந்தாலோ மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். அந்தத் தாள்கள் பதிவேட்டோடு இருக்கும். கலைக்களஞ்சியம் போன்றவை அறையை விட்டு வெளியே போகாது. வருஷக் கடைசியில் குழுவே கூட இருந்து நூல்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும், தமிழாசிரியை மட்டும் தனியாகப் போட வேண்டியதில்லை. பதிவேட்டிலிருந்து நூல்களை முறைப்படி நீக்க மேலிட ஒப்புதல் வேண்டும். தலைமையாசிரியர் எழுதியிருக்கிறார், காத்திருக்கிறோம்.

இனி மற்ற யோசனைகள். இவற்றில் பல அருமையானவை.

அறையின் அளவைப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, பிள்ளைகளை உள்ளே நிற்கவைத்தோம். தட்டு எங்கே, பாய் எங்கே, கதவு எங்கே என்று அவர்களே செங்கல்லை எடுத்து வைத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் பெரிய இடத்தைக் காலியாக விட்டார்கள். தரையில் படுத்துப் படிக்கவாம். பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் ஜன்னலோரத்தில் சுவரைப் பார்த்து உட்காரும்படி சில இருக்கை கேட்டார்கள், யாரும் எட்டிப் பார்க்காமல் படிக்க. வரைபடத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் இது எதுவும் வந்திருக்காது.

ஊர்த் தச்சர் அண்ணன் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். சிறுவர் நூல்கள் பெரும்பாலும் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள், அவற்றுக்கு முதுகே கிடையாது. நிற்கவைத்து வரிசையாக அடுக்கினால் வெறும் காகித விளிம்புதான் தெரியும், பெயர் தெரியாது. முன்னட்டை தெரியும்படி சாய்த்து வைக்க, சுவரில் நீளச் சட்டம் அடித்து ஓரத்தில் கட்டை வைத்துத் தருகிறேன் என்றார். புத்தகங்களைப் பீரோவுக்குள் வைத்தே பழகிய நாங்கள் யாரும் இப்படி யோசித்ததில்லை.

பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடம் எந்தப் பொறியாளருக்கும் தெரியாது. எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்த ஜன்னலில் சாரல் அடிக்கும், எந்த மூலையில் கறையான் வரும் என்று கையைக் காட்டிச் சொன்னார். அவர் சொன்னபடி தட்டுகள் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிற்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கும். வடக்குச் சுவரில் புத்தகமே கிடையாது, அங்கே பிள்ளைகள் வரைந்த படங்கள். இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் வைப்பது அவரே தரும் வைத்தியம். மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

சண்டை ஒன்றும் வந்தது. அறை முழுவதையும் போட்டித் தேர்வு மையமாக ஆக்க வேண்டும் என்று முன்னாள் மாணவர்களில் ஒரு சாரார் அழுத்தமாகக் கேட்டார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகு, எங்கள் ஊர்ப் பெற்றோருக்கும் அந்த ஆசை துளிர்த்திருக்கிறது. அது நியாயமான ஆசை. ஒரு தட்டு முழுக்க அதற்கு ஒதுக்குகிறோம். பழைய பதிப்புகளை ஆண்டுதோறும் மாற்றவும் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். ஆனால் முழு அறையும் அதற்குத் தர நான் ஒப்பவில்லை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு வீட்டிலும் வகுப்பிலும் இடம் கிடைத்துவிடுகிறது. வாத்தியார் கேள்வி கேட்காத ஒரு கதையைப் படிக்க அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே இடம் இந்த அறை. இரண்டு கூட்டம் இழுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். வருத்தம் சிலருக்கு இன்னும் இருக்கிறது.

பணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: முன்னாள் மாணவர் பங்களிப்பை, 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாகத்தான் செலுத்துகிறோம். ரசீது வரும், கணக்கு இருக்கும். தட்டு, விளக்கு, பாய் போன்றவற்றைக் குழுவே செய்துகொள்ளலாம். சுவரை இடிப்பது, கூரையில் கைவைப்பது பொதுப்பணித் துறையின் வேலை, அதில் ஆர்வக்கோளாறு கூடாது. ஒவ்வொரு தட்டிலும் உபயம் என்று பெயர் எழுத வேண்டாம் என்றும் முடிவாகியிருக்கிறது. பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் புத்தகத்தின் பெயர்தான் இருக்க வேண்டும்.

வந்த யோசனைகள் எல்லாவற்றையும் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டியிருக்கிறோம். எது உடனே நடக்கும், எது அடுத்த வருஷம், எது நடக்காது, ஏன் நடக்காது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி. ஏசிக்குப் பக்கத்தில், மின் கட்டணம் கட்ட வழியில்லை, முன்கட்டு அறையில் காற்று நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறது. தன் யோசனை ஏன் விடப்பட்டது என்று படித்துப் பார்த்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், அதைவிட நல்ல யோசனை ஒன்றை அன்றே எழுதி யோசனைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனான்: படித்து முடித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும், அடுத்து எடுப்பவர் அதைப் பார்த்து எடுப்பார். அது உடனே நடக்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

புத்தகம் அனுப்ப நினைப்பவர்கள் பழைய கைடு, பாடநூல், கெட்டி அட்டை ஆண்டறிக்கை எல்லாம் அனுப்ப வேண்டாம். சிறுவர் கதைகள், அறிவியல், காமிக்ஸ் வேண்டும். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் நிறைய வேண்டும். சீட்டுகளில் பையன்கள் தனியாகக் கேட்டிருந்தார்கள். பழையதானாலும் பக்கம் முழுதாக இருந்தால் போதும்.

மே மாத விடுமுறைதான் இன்னும் தீராத விஷயம். பிள்ளைகளுக்கு நேரம் இருப்பதே அப்போதுதான். பள்ளி பூட்டியிருப்பதும் அப்போதுதான். ரேஷன் கடையில் பேசிய அக்காவும் இன்னும் இரண்டு அம்மாக்களும் முறை வைத்துக் காலையில் வந்து திறக்கிறோம் என்கிறார்கள். பள்ளிச் சாவியை வெளியாளிடம் தர முடியுமா என்று தலைமையாசிரியர் யோசிக்கிறார். முன்கட்டு அறைக்கு வீதிப் பக்கமாகத் தனிக் கதவு வைத்தால் மற்ற வகுப்பறைகளைத் திறக்க வேண்டியதில்லை என்று தச்சர் அண்ணன் அளவெடுத்து வைத்திருக்கிறார். கதவு வைப்பது சுவரை உடைக்கும் வேலை என்பதால் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதுதான் முதல் பொருள்.